பறையொலியும் திரையொளியும்

சென்ற கார்த்திகைத் திங்களில் நம் சங்கத்தின் பொங்கல் விழா ஏற்பாட்டுக் கூட்டம் நடைபெற்றது. நாகசுரம், கோலப் போட்டி, பட்டிமன்றம், சிறுவர் மாறுவேடம் என்று நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக முடிவாகிக்கொண்டிருந்தன. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் சிலர் எழுந்து, "இவ்வாண்டு பறையாட்டமும் வைக்கலாம், நாங்களே பழகி ஆடுகிறோம்" என்றனர். அவையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர், கோபம் சிறிதும் இன்றி, "பிள்ளைகளே, பொங்கல் மங்கல நாள். அதுவோ சாவு வீட்டுக் கொட்டு. அதை இங்கே கொண்டுவருவானேன்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்த அவையில் பறையைப் பற்றி அறிந்தவன் ஒருவன் உண்டென்றால் அவன் நானே. ஆயினும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து காலணியைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பெரியவர் என் அருகில் வந்தார். என் மகளைப் பள்ளியில் சேர்க்க அலைந்த நாட்களில் எனக்குத் துணையாக நின்றவர் அவர். "என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டாய் போலிருக்கிறதே?" என்றார்.

"ஒன்றுமில்லை, ஐயா" என்றேன்.

"வாயால் சொல்ல வரவில்லை என்றால் எழுதிக் கொடு. நம் இதழில் போடச் சொல்கிறேன். நான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்பர்களே, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றுபவன் நான். எழுத்தாளன் அல்லேன். ஆயினும் பெரியவர் கேட்டுவிட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையின் பறை

என் தந்தையார் பறையடித்தவர். விழுப்புரம் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் சாவு விழுந்தாலும், கோயிலில் கொடி ஏறினாலும், ஊராருக்கு ஏதேனும் அறிவிக்க வேண்டுமானாலும் அவருக்குத்தான் ஆள் வரும். நள்ளிரவானாலும், காய்ச்சலில் கிடந்தாலும் அவர் போக வேண்டும். கூலி, கொடுப்பவர் மனம்போல. நெல்லாகச் சில நாள். சோறாகச் சில நாள். வசவாகச் சில நாள்.

அவர் எனக்குப் பறையைக் கற்றுத் தரவில்லை. ஒருநாள் விளையாட்டாகக் குச்சியை எடுத்தபோது, "தொட்டால் கையை ஒடித்துவிடுவேன், போய்ப் புத்தகத்தை எடு" என்றார். அவர் கண்ணில் அன்று கண்டது சினம் என்று நினைத்தேன். அது அச்சம் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. தம்மைப் பிடித்த ஊழியம் தம் மகனையும் பிடித்துவிடுமோ என்ற அச்சம். நான் டில்லிக்கு வேலைக்கு வந்த ஆண்டில் அவர் பறையைப் பரண்மேல் ஏற்றினார். பிறகு இறக்கவே இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானபோது பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்கள் அடித்தார்கள். ஊருக்கெல்லாம் அடித்தவரின் கடைசி நடைக்கு ஒரு தாளம் போட அவர் மகனுக்குத் தெரியவில்லை.

டில்லியில் பதினான்கு ஆண்டுகளாக, "அப்பா என்ன செய்தார்?" என்று எவர் கேட்டாலும், "விவசாயம்" என்று சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு என் மகள் பள்ளிப் பாடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தாள். "அப்பா, தாத்தாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். அவள் அழகாக ஒரு கலப்பையை வரைந்தாள். எங்களுக்குக் கலப்பையும் இருந்ததில்லை. அது ஓட நிலமும் இருந்ததில்லை.

கடல் கடந்த ஒரு கதை

தந்தையின் தொழிலைச் சொல்ல நாணும் மகன் நான் ஒருவன் மட்டும் அல்லன். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் வரலாற்றைப் படித்தபோது இதைக் கண்டேன். அவர்களுடைய இசையும் திரைப்படமும் உலகெங்கும் கொண்டாடப்படுகின்றன. ஆனால் அந்தக் கொண்டாட்டம் எங்கிருந்து தொடங்கியது?

ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் முரசு, ஆண்டைகளுக்கு அச்சத்தைத் தந்தது. 1739-ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசறைந்து கொண்டே அவர்கள் அணிவகுத்துச் சென்றனர். மறு ஆண்டே, 1740-இல், அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். முரசு போயிற்று. ஆனால் தாளம் போகவில்லை. கைதட்டியும், காலால் தரையை உதைத்தும், தொடையில் தட்டியும் அவர்கள் தாளத்தைக் காப்பாற்றினார்கள். வயற்பாட்டும் வழிபாட்டுப் பாட்டும் அதிலிருந்து வளர்ந்தன. புளூஸ், ஜாஸ் என்று இன்று உலகம் போற்றும் இசை அந்த மண்ணில் முளைத்ததே.

அடிமை முறை ஒழிந்த பிறகு நடந்ததுதான் என் உள்ளத்தைத் தொட்டது. விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காக நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்னும் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. பணம் இல்லாமல் அது மூடும் நிலைக்கு வந்தபோது, 1871-இல் மாணவர் ஒன்பது பேர் பாட்டுப் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். தங்கள் தாய் தந்தையர் அடிமைகளாக இருந்தபோது பாடிய பாடல்களை மேடையில் பாட அவர்கள் முதலில் தயங்கினார்கள். அவை இருண்ட காலத்தை நினைவூட்டும் பாடல்கள். அந்நியர் முன் பாடத்தக்கவை அல்ல என்று எண்ணினார்கள். ஆயினும் ஒருநாள் பாடினார்கள். கேட்டவர்கள் கண்ணீர் வடித்தார்கள். 1873-இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் பாடினார்கள். அவர்கள் திரட்டிய பொருளில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் அக்கல்விக்கூடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. பெற்றோரின் துயரப் பாட்டு பிள்ளைகளின் கல்விக் கூடமாயிற்று.

அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துப் பின் பேரறிஞராக விளங்கிய கார்ட்டர் உட்சன் என்பார், 1926-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கி வைத்தார். அதுவே 1976 முதல் ஒரு திங்கள் முழுவதும் கொண்டாடப்படுகிறது. தன் வரலாற்றைத் தானே சொல்லாத மக்களுக்குப் பிறர் எழுதியதே வரலாறாக நிலைத்துவிடும் என்ற கவலை அவருக்கு இருந்தது.

ரயிலில் பிறந்த திரைப்படம்

ரயில்வேக்காரன் ஆகையால் ஒரு ரயில்வேச் செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் புல்மன் என்ற முதலாளியின் படுக்கை வசதி வண்டிகளில் பணியாளராக இருந்தோர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அவர்களுடைய சொந்தப் பெயரைப் பயணிகள் கேட்பதில்லை. முதலாளியின் பெயரான ஜார்ஜ் என்பதையே எல்லாருக்கும் இட்டு அழைத்தார்கள். டில்லிக்கு வந்த புதிதில் நம்மவர் அனைவருக்கும் "மதராசி" என்று ஒரே பெயர் கிடைத்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஜார்ஜ்கள் 1925-இல் ஒரு சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். வடக்கே கறுப்பினத்தவர் நடத்திய செய்தித்தாள்களை வண்டியில் வைத்துத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் அவர்களே. அதைப் படித்துத் துணிவு பெற்ற பலர் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே ரயிலேறினர். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் அவ்வாறு குடிபெயர்ந்தனர். அவர்களோடு அவர்களுடைய பாட்டும் பயணம் செய்தது.

படுக்கை வண்டியில் பணியாளராக இருந்தவர்களுள் ஒருவர் ஆஸ்கர் மிஷோ. வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவர், பிறகு உழவராகி, எழுத்தாளராகி, 1919-இல் திரைப்படம் எடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் அதுவே என்பர். 1915-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஒரு படம் கறுப்பினத்தவரைக் கொடியவர்களாகக் காட்டியிருந்தது. அதற்கு விடைபோல 1920-இல் மிஷோ தம் மக்களின் வாழ்வைப் படமாக்கினார். பெட்டி தூக்கிய கை, படக்கருவியைப் பிடித்த கதை இது.

டில்லிக்கு வந்த குரல்கள்

இக்கதைக்கும் நாம் வாழும் டில்லிக்கும் தொடர்பு உண்டு. கறுப்பினப் பாடகியான மேரியன் ஆண்டர்சன் அம்மையாருக்கு, நிறத்தைக் காரணம் காட்டி வாஷிங்டனின் பெரிய அரங்கம் ஒன்று மறுக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று, எழுபத்தையாயிரம் மக்கள் முன்னிலையில் அவர் பாடினார். அதே அம்மையார் 1957-இல் ஆசியப் பயணமாக இந்தியாவுக்கும் வந்தார். டில்லியில் காந்தியடிகளின் நினைவிடத்திலும் பாடினார். அப்பயணம் படமாக்கப்பட்டு அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது.

1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் துணைவியாருடன் டில்லியில் வந்திறங்கினார். அவர் சென்ற இடமெல்லாம் பேசினார். அவருடைய துணைவியார் கொரெட்டா அம்மையார் தம் மக்களின் வழிபாட்டுப் பாடல்களைப் பாடினார். அப்பயணத்தில் திருவனந்தபுரத்தில் நடந்ததைக் கிங் அவர்களே 1965-இல் ஒரு சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டார். சிறிது வருந்தவும் செய்தார். பிறகு தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கத்திலும் வாழும் தம் இனத்தாரை எண்ணிப் பார்த்தார். ஆம், நானும் அத்தகையவனே என்று உணர்ந்தார்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களோ இதை அதற்கு முன்பே உணர்ந்தவர். 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு 1946-இல் கடிதம் எழுதி, அவ்விரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். டு பாய்ஸும் பரிவோடு மறுமொழி விடுத்தார். அண்ணல் கடைசியாக வாழ்ந்து, 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்த இல்லம், நம் டில்லியில் அலிப்பூர் சாலை 26-ஆம் எண் மனை. 2018 ஏப்ரலில் அங்கே தேசிய நினைவகம் திறக்கப்பட்டது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் செங்கோட்டையும் குதுப்மினாரும் காட்டுகிறோம். ஒருமுறை அங்கும் அழைத்துச் செல்லலாம்.

நம் மண்ணில்

இனி நம் பறைக்கு வருவோம். பறைதல் என்றால் சொல்லுதல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அச்சொல் அப்பொருளில் அன்றாட வழக்கில் இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லுமிடத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. மாங்குடி கிழார் புறநானூற்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைப் பெருமையாகக் குறிக்கிறார். வெற்றிக்கும் பறை, விழவுக்கும் பறை, வெறியாட்டுக்கும் பறை என்றிருந்த கருவி, காலப்போக்கில் சாவு வீட்டு வாசலில் ஒதுக்கி நிறுத்தப்பட்டது. கருவியில் தீட்டு ஏது? வேம்பின் வளையம், மேலே தோல், ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை, அவ்வளவே. தீட்டு என்பது அதை அடித்த மனிதர்மீது ஏற்றப்பட்டது. அவர் கையிலிருந்து கருவிக்கும் ஒட்டிக்கொண்டது. மிருதங்கமும் தோற்கருவிதான் என்பதை இங்கே பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இழிவாக வழங்கிய பெயரையே கொடியாக உயர்த்தியவர்களும் நம்மிடையே தோன்றினர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. அமெரிக்காவில் வசவாக எறியப்பட்ட 'கறுப்பு' என்ற சொல்லை அம்மக்கள் பெருமைக்குரிய சொல்லாக மாற்றியதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது இது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். சாதி பேதமற்ற தமிழர் என்று இம்மக்கள் தம்மைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்தக் கருத்தையே பெயராகக் கொண்டு ஓர் இசைக்குழு பிறந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பத்தொன்பது கலைஞர்கள் மேடையேறினர். வடசென்னையின் கானாவும், சாவு வீட்டுப் பறையும், அமெரிக்கக் கறுப்பின இளைஞர் வளர்த்த ராப் பாட்டும் அங்கே ஒன்றாக ஒலித்தன. அக்குழுவில் கானா பாடிய இசைவாணி என்ற பெண்மணியைப் பி.பி.சி. நிறுவனம் 2020-இல் உலகின் நூறு பெண்மணிகள் வரிசையில் சேர்த்தது. கானா ஆண்களுக்கே உரியது என்றிருந்த வழக்கத்தையும் அவர் உடைத்தார்.

கறுப்பின வரலாற்றுத் திங்களைப் போலவே, அண்ணலின் பிறந்த திங்களாகிய ஏப்ரல், 2015 முதல் தலித் வரலாற்றுத் திங்களாகக் கொண்டாடப்படுகிறது. நீலம் மையம் அதனை 'வானம்' கலைவிழாவாக நடத்துகிறது. அதன் திரைப்பட விழாவுக்கு பி.கே. ரோசி அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மலையாளத் திரையுலகின் முதல் நாயகி அவர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பெண், உயர்குலப் பெண்ணாக நடித்ததைப் பொறாத கூட்டம் திரையரங்கில் கல்லெறிந்தது. அவர் ஊரைவிட்டே துரத்தப்பட்டுத் தமிழ்நாட்டில் பெயர் மறைத்து வாழ்ந்தார் என்பர். அவருடைய ஒளிப்படங்கூட ஐயத்துக்கிடமின்றிக் கிடைத்திலது. பெயரையேனும் மீட்டார்களே என்று நெஞ்சு ஆறுகிறது.

திரையில் கண்ட என் தந்தை

2018-இல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' படத்தை நான் பார்த்தபோது அருகில் என் மனைவி இருந்தாள். மாரி செல்வராஜ் இயக்கிய அப்படத்தின் தொடக்கத்தில் கருப்பி என்னும் நாயைத் தண்டவாளத்தில் கட்டி வைக்கிறார்கள், வண்டி வருகிறது. தண்டவாளத்தோடு வாழ்பவனுக்கு அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஆனால் நான் உடைந்தது வேறிடத்தில். கதைநாயகனின் தந்தை கூத்தில் பெண்வேடமிட்டு ஆடுபவர். அத்தந்தையைக் கல்லூரிக்கு அழைத்துவர மகன் தயங்குகிறான். வந்த தந்தையோ அவமானப்படுத்தப்படுகிறார். என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. படம் முடியும்போது இரண்டு தேநீர்க் குவளைகளும் இடையே ஒரு பூவும் திரையில் நின்றன. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் என் தந்தைக்கென்று தனியாகத் தொங்கிய குவளை என் நினைவில் வந்து நின்றது.

பா. இரஞ்சித் அவர்களின் படங்களும் இவ்வகையினவே. 2014-இல் வந்த 'மெட்ராஸ்' வடசென்னை மக்களைக் குடிகாரராகவும் அடியாளாகவும் காட்டும் பழைய வழக்கத்தை விடுத்து, படிக்கிறவர்களாகவும் பந்தாடுகிறவர்களாகவும் காட்டியது. 2016-இல் வந்த 'கபாலி' படத்தின் தொடக்கத்தில் இரஜினிகாந்த் சிறையில் ஒரு நூலைப் படித்துக்கொண்டிருப்பார். ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'என் தந்தை பாலய்யா' என்ற நூல் அது. ரயில்வேயில் கடைநிலைப் பணி செய்துகொண்டே தம் மக்களைக் கல்லூரி வரை உயர்த்திய ஒரு தெலுங்குத் தலித் தந்தையின் வரலாறு. எனக்காகவே வைத்த காட்சி என்று தோன்றியது.

இப்படங்களில் குறையே இல்லை என்று கூற மாட்டேன். இரத்தம் மிகுதி, சிறுவர்களுடன் அமர்ந்து பார்க்க இயலாத காட்சிகளும் உண்டு. நாயகனின் கைவலிமையில் நீதி கிடைப்பதுபோல் நம் ஊர்களில் கிடைப்பதில்லை. ஆயினும் மனிதனாக நிமிர்ந்து நிற்பதை ஒரு பிள்ளை திரையில் ஒருமுறையேனும் காண வேண்டாமா?

நாம் எழுதாத நம் வரலாறு

2018-இல் வந்த 'காலா' பம்பாயின் தாராவியைப் பற்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன மக்கள், தாங்கள் உருவாக்கிய குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படாமலிருக்கப் போராடும் கதை. வெண்மையே தூய்மை என்று பேசுபவனுக்கு எதிரே, கறுப்பு உழைப்பின் நிறம் என்று நாயகன் நிற்கிறான்.

தாராவிக்குக் 'காலா' கிடைத்தது. டில்லிக்கு என்ன கிடைத்தது? 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி முகாம் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். நம் தென்னாட்டு ஏழைகள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம் அது. நம்மில் பலருடைய வீட்டில் பாத்திரம் துலக்கிய அம்மாமார் அங்கிருந்து வந்தவர்களே. 189 குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டென்று தீர்ப்பாயிற்று. அதுவும் நகரின் வடகோடியாகிய நரேலாவில். வடிகாலில் வெள்ளம் தடைப்படுவதை நீக்கவே இடிப்பு என்பது அரசுத் தரப்பு. நீதிமன்றத்தின் ஆணையின்படி நடந்தது. அதைப் பற்றி நான் வழக்காட வரவில்லை.

நான் கேட்பது வேறு. டில்லித் தமிழர் வரலாறு என்று நம் விழா மலர்களில் எழுதும்போது, செயலகத்துக்கு வந்த அதிகாரிகளையும், தமிழ்ப் பள்ளிகளையும், இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரையும் எழுதுகிறோம். எழுத வேண்டியவையே அவை. ஆனால் வடிகால் ஓரத்தில் அரை நூற்றாண்டு வாழ்ந்த அந்தத் தமிழரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோமா? அவர்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் எவரேனும் பதிந்து வைத்தார்களா? இப்போது எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. நம் கல்லூரிப் பிள்ளைகள் நரேலாவுக்கு ஒருநாள் போய், ஒரு பாட்டியை அமர்த்தி, "ஊரைவிட்டு எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டுப் பதிவு செய்தால், அதுவே நம் முதல் படம். மிஷோ பெரிய கலைக்கூடத்தில் தொடங்கவில்லை.

பெரியவருக்கு என் விடை

ஐயா, பறை சாவு வீட்டுக் கொட்டு என்றீர்கள். உண்மை. என் தந்தை அடித்ததும் அங்கேதான். அதனால்தான் அதை அவர் பரணில் ஏற்றினார். அவர் செய்தது சரியே. கட்டாயத்தின்பேரில் அடித்தபோது அது ஊழியம். இன்று படித்த பிள்ளைகள் தாமே விரும்பிக் கையில் எடுக்கும்போது அது கலை. வைத்துவிட்ட தந்தையும் எடுக்க விரும்பும் பிள்ளைகளும் ஒரே மானத்தின் பொருட்டே அவ்வாறு செய்கிறார்கள். ஃபிஸ்க் மாணவர் தயங்கியதும் பின் பாடியதும் அது போன்றதே.

மங்கலம் பற்றியும் கவலை வேண்டாம். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025-இல் நம் அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஆகாத தீட்டு நம் சங்கத்து மேடைக்கு மட்டும் வந்துவிடுமா?

கூட்டத்துக்குப் பின் ஊரிலுள்ள என் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லி, பரணில் இருந்த பறையை அனுப்பச் சொன்னேன். சென்னை வண்டியில், மூடுபனியால் ஒன்பது மணி நேரம் தாமதமாக, சாக்கில் தைத்து வந்து சேர்ந்தது. பார்சல் சீட்டில் 'பழைய சாமான்' என்று எழுதியிருந்தது. சித்தப்பாவுக்கும் அப்பெயரைச் சொல்ல நாணமாக இருந்திருக்கிறது. வீட்டில் சாக்கைப் பிரித்தேன். மகள் வந்து அருகில் அமர்ந்தாள். வளையத்தில் தந்தையின் இடக்கை பிடித்த இடம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. தோல் ஈரத்தில் தளர்ந்திருந்தது. வாசலில் பழைய தாளைக் கொளுத்தி அனல் காட்டினேன். மெல்ல மெல்ல இறுகியது. விரலால் ஒருமுறை தட்டினேன். எதிர் குவார்ட்டர்ஸில் இரண்டு சன்னல்கள் திறந்தன.

"இது யாருடையது, அப்பா?" என்றாள் மகள்.

"உன் தாத்தாவுடையது. இதுதான் அவர் வேலை" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்க் குடும்ப மரத்தை எடுத்து வந்தாள். கலப்பையை அழிக்கலாமா என்று கேட்டாள். அழிக்கச் சொன்னேன்.

அடித்துப் பழக எனக்கு வயது கடந்துவிட்டதோ என்னவோ. மாணவர் பயிற்சி தொடங்கினால் நானும் பின்வரிசையில் ஒருவனாக நிற்க அனுமதி வேண்டுகிறேன். அடுத்த கூட்டத்தில் பெரியவரும் மற்ற அன்பர்களும் நல்ல முடிவு காண்பார்களாக. எந்த முடிவானாலும், "உன் தந்தை என்ன செய்தார்?" என்று இனி என்னை எவர் கேட்டாலும் விடை ஒன்றே: பறையடித்தார், நன்றாக அடித்தார்.